டை மருந்துக்கு 37 டிகிரி பெட்டி வேண்டும், வெந்நீர் மக் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயிலில் இன்சுலினையும் கண் சொட்டு மருந்தையும் வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று தங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தோம். நல்ல குறிப்பு. அதில் இடம்பெறாத ஒரு மருந்தைப் பற்றி எழுதவே இந்தக் கடிதம். சி.டி. ஸ்கேனுக்காகக் கை நரம்பில் ஏற்றும் காண்ட்ராஸ்ட் மருந்துதான் அது. மக்கள் வாயில் அதன் பெயர் ‘டை’. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த ஸ்கேன் மையத்தின் வாசலில் நின்றாலும், கையில் சீட்டோடு டை வாங்க மருந்துக்கடைக்கு ஓடுகிற உறவினர் ஒருவரைப் பார்க்கலாம். அவர் வாங்கி வரும் பாட்டில் எந்தச் சூட்டில் இருந்தது, எந்தச் சூட்டில் உடம்புக்குள் போகப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

டை என்றவுடன் துணிச் சாயம் போன்ற ஒன்றை நினைத்துவிடுகிறோம். அதில் வண்ணம் ஏதும் இல்லை. பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருக்கும். எக்ஸ்ரே கதிரைத் தடுத்து, ரத்தக் குழாயைப் படத்தில் வெள்ளையாகக் காட்டுவது அதிலுள்ள அயோடின். லேபிளில் 300, 350, 370 என்று அச்சிட்டிருக்கும் எண், ஒரு மி.லி.யில் எத்தனை மில்லிகிராம் அயோடின் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 350 எண்ணுள்ள 100 மி.லி. பாட்டிலில் 35 கிராம் அயோடின். இவ்வளவு சரக்கைக் கொஞ்சம் திரவத்துக்குள் அடைத்திருப்பதால் அது பிசுபிசுவென்று கெட்டியாக இருக்கிறது. வெல்லப்பாகு அடுப்பில் இருக்கும்போது ஓடும், ஆறினால் கரண்டியை விடாது. இங்கும் அதே கதைதான்.

கெட்டித்தன்மையை சென்டிபாய்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். 20 டிகிரியில் தண்ணீருக்கு அது சுமார் 1. அயோஹெக்சால் 350 என்ற மருந்துக்கு அதே 20 டிகிரியில் 20.4, 37 டிகிரிக்குச் சூடேற்றினால் 10.4. அயோபமிடால் 370-க்கு 20.9 என்பது 9.4 ஆகிறது. அயோடிக்சனால் 320-க்கு 26.6 என்பது 11.8 ஆகிறது. 17 டிகிரி சூடு ஏறினால் கெட்டித்தன்மை ஏறத்தாழ பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடுகிறது. சி.டி. அறையில் ஏ.சி. எப்போதும் 20, 22 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும், அது இயந்திரத்துக்காக. அந்த அறை அலமாரியில் இருக்கும் பாட்டில், மருந்து மிகவும் கெட்டியாக இருக்கும் நிலையில்தான் இருக்கிறது.

கெட்டியாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். இதயம், நுரையீரல், மூளை ரத்தக் குழாய்களைப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் ஸ்கேனில் டையை நொடிக்கு 4 முதல் 5 மி.லி. வேகத்தில் பிரஷர் இன்ஜெக்டர் தள்ளுகிறது. கையில் போட்டிருப்பது வென்ஃப்ளான் என்ற மெல்லிய நரம்புக் குழாய்: பச்சை என்றால் 18 கேஜ், இளஞ்சிவப்பு என்றால் 20, நீலம் என்றால் 22. எண் கூடக் கூடக் குழாய் சிறுத்துப்போகும். ஒரே வேகத்தில் தள்ளும்போது, கெட்டித்தன்மை இரண்டு மடங்கானால் தேவைப்படும் அழுத்தமும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். குழாயின் ஆரம் குறைந்தால் அழுத்தம் அதைவிட வெகு வேகமாக ஏறும். இன்ஜெக்டரில் 300 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) அளவில் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அந்த வரம்பைத் தொட்டதும் இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் ஒரு எச்சரிக்கை மின்னும். அவசரத்தில் அதைக் கவனிக்காமல் விடுவதும் உண்டு.

வேகம் குறைந்தால் டை தாமதமாக வந்து சேரும். ஸ்கேனரோ குறித்த நொடியில் படம் எடுத்து முடித்துவிடும். நுரையீரல் தமனியில் ரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எடுத்த படத்தில் தமனியே மங்கலாகத் தெரிந்தால், படத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் ரேடியாலஜிஸ்ட் உறுதியாக எதையும் எழுத முடியாது. மறுபடி ஸ்கேன், மறுபடி கதிர்வீச்சு, சிறுநீரகத்துக்கு மறுபடி ஒரு பாட்டில் டை. ஒரு பாட்டில் குளிர்ந்திருந்ததால் இத்தனையும்.

அடுத்தது, கையில் மருந்து வெளியே கசிவது. அழுத்தம் தாங்காமல் நரம்பு கிழிந்தோ ஊசி நகர்ந்தோ டை தோலுக்கடியில் சேர்ந்துவிடும். கை வீங்கி வலிக்கும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் 24,830 ஊசிகளை ஆராய்ந்து 2012-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே சூடேற்றும் வழக்கத்தை நிறுத்திய பிறகு, கெட்டியான அயோபமிடால் 370-ல் கசிவு 0.27 சதவீதத்திலிருந்து 0.87 சதவீதமாக, அதாவது மூன்று மடங்காக, உயர்ந்திருந்தது. கெட்டி குறைந்த அயோபமிடால் 300-ல் அப்படிக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

அந்த இரண்டாவது முடிவையும் சேர்த்தே படிக்க வேண்டும். எல்லா டையையும் எல்லோருக்கும் சூடேற்றியே ஆக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் காண்ட்ராஸ்ட் கையேடும் அப்படிச் சொல்லவில்லை. நொடிக்கு 5 மி.லி.க்கு மேல் தள்ளும்போது, 370 போன்ற கெட்டியான மருந்தைப் பயன்படுத்தும்போது, சிறிய கதீட்டர் வழியாக நேரே தமனிக்குள் செலுத்தும்போது, நொடிக் கணக்கு முக்கியமான ஆஞ்சியோகிராமில் சூடேற்றுவது உதவும் என்கிறது. 300 எண்ணுள்ள டையை மெதுவாகச் செலுத்தி எடுக்கும் சாதாரண வயிற்று ஸ்கேனுக்கு அது கட்டாயமில்லை. பெட்டியில் இடம் குறைவாக இருக்கும் மையம், 350, 370, அயோடிக்சனால் 320 ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுத்தால் போதும்.

இனி எங்களை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறோம். சூடேற்றுவது நல்லது என்று தெரிந்துகொண்ட இடங்களில்கூட, அதை எப்படிச் செய்கிறார்கள்? பிளாஸ்டிக் மக்கில் வெந்நீர் பிடித்து, அதற்குள் பாட்டிலை அமிழ்த்தி வைப்பது இன்னும் பல சிறிய மையங்களில் நடக்கிறது. கெட்ட எண்ணம் ஏதுமில்லை. பெட்டி வாங்க வசதியில்லை, நோயாளி மேசையில் காத்திருக்கிறார், கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது. ஆனால் அந்த மக் நாலு வழியில் கெடுதல் செய்கிறது.

தண்ணீர் எத்தனை டிகிரி என்று யாருக்கும் தெரியாது. 37-ம் இருக்கலாம், 60-ம் இருக்கலாம். கையை விட்டுப் பார்த்து வெதுவெதுப்பு என்று சொல்வது அளவு ஆகாது. இரண்டாவது, பாட்டிலின் வெளிப்பக்கம் சுட்டாலும் நடுவில் குளிர்ச்சி அப்படியே இருக்கும். மூன்றாவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை: மூடியின் ரப்பர் மேல் அந்தத் தண்ணீர் தேங்கும். குழாய்த் தண்ணீரோ டேங்கர் லாரித் தண்ணீரோ, அது கிருமி நீக்கிய நீர் அல்ல. அதே ரப்பரைக் குத்தித்தான் மருந்தை உறிஞ்சுகிறோம். உறிஞ்சிய மருந்து நேரே ரத்தத்துக்குப் போகிறது. நாலாவது, லேபிள் ஊறிக் கழன்றுவிடும். ஒரே மக்கில் 300-ம் 350-ம் கிடந்து இரண்டின் லேபிளும் மிதந்தால் எது எது என்று சொல்ல வழியில்லை. தொகுதி எண் (பேட்ச் நம்பர்) போய்விட்டால், ஒவ்வாமை வந்த நோயாளிக்கு எந்தத் தொகுதி மருந்து போனது என்று பதிவு செய்யவும் வழியில்லை.

மைக்ரோவேவ் அடுப்பில் வைப்பது அதைவிட மோசம். ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் ஆறியிருக்கும். மூடிய பாட்டில் வெடிக்கவும் கூடும். அறுவை அரங்கில் போர்வை சூடேற்றும் அலமாரியில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்வதும் சரியல்ல. போர்வைக்கு வைக்கும் சூடு 37-ஐ விட மிகவும் கூடுதல். யு.பி.எஸ். பெட்டியின் தலைமேல் வைப்பது, வெயில் படும் ஜன்னல் திண்டில் வைப்பது எல்லாம் அந்த வகைதான்.

சரியான வழி, காண்ட்ராஸ்ட் வார்மர் என்று விற்கும் உலர் சூட்டுப் பெட்டி. உள்ளே மின்விசிறி சூடான காற்றைச் சுழற்றும். தெர்மோஸ்டாட் 37 டிகிரியில் நிறுத்தும். கதவு ஒளி புகாததாக இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு என்றால் பாட்டில்களை அவற்றின் அட்டைப்பெட்டியோடு வைக்கலாம், சூடேறக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். பெட்டியை இரவும் அணைக்க வேண்டாம். காலையில் முதல் நோயாளி வந்த பிறகு பாட்டிலை உள்ளே வைத்தால் அது அவருக்கு உதவாது. காற்றுச் சூட்டில் 100 மி.லி. பாட்டிலின் நடுப்பகுதி சூடேற வெகு நேரம் பிடிக்கும். இன்று வைப்பது நாளைக்கு என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டியின் முகப்பில் சிவப்பு எண்ணில் 37 என்று ஒளிர்வதை அப்படியே நம்ப வேண்டாம். அது சென்சார் இருக்கும் இடத்தின் சூடு. மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் ஒன்றிரண்டு டிகிரி வேறுபடலாம். காலியான பழைய டை பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, தனி டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை அதற்குள் விட்டு, நடுத்தட்டில் பாட்டில்களுக்கு இடையில் வையுங்கள். மருந்தின் சூட்டுக்கு நெருக்கமான அளவை அது காட்டும். அந்தப் பாட்டிலில் ‘சோதனை மட்டும்’ என்று பெரிதாக எழுதி ஒட்டியாக வேண்டும். வாரம் ஒரு நாள் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் மாற்றி வைத்துப் பாருங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அளவை நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 38-ஐத் தொட்டால் கதவைத் திறந்து தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் மின்சாரம் போய் வருவது புதிதல்ல. போகும்போது பெட்டி மெல்ல ஆறும், அதனால் மருந்துக்குக் கெடுதல் இல்லை. மின்சாரம் திரும்பியதும் மலிவான தெர்மோஸ்டாட் சில சமயம் குறியைத் தாண்டி ஏறிவிடும். அந்த ஒரு மணி நேரம்தான் கவனிக்க வேண்டியது.

பெட்டிக்குள் வைக்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு தேதி வேண்டும்: உள்ளே வைத்த நாள், வெளியே எடுக்க வேண்டிய நாள். அயோஹெக்சால், அயோடிக்சனால் போன்றவற்றை 37 டிகிரியில் ஒரு மாதம் வரை வைக்கலாம் என்பது பரவலாக உள்ள அளவு. கண்ணாடி பாட்டிலுக்கு ஒரு காலம், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு ஒரு காலம் என்று நிறுவனம் பிரித்துச் சொல்வதும் உண்டு. ஆகவே அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் கடைசி வார்த்தை. கெடு முடிந்த பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துப் புது மருந்து போலக் கணக்கில் சேர்ப்பது தவறு. இந்தச் சிக்கல் வராமல் இருக்கச் சுலபமான வழி, அதிகமாகத் திணிக்காமல் இருப்பது. நாளொன்றுக்குப் பத்து டை ஸ்கேன் எடுக்கும் மையத்துக்கு இருபது பாட்டில் தாராளம். பழையது முன்னால், புதியது பின்னால். இடைவெளி இருந்தால்தான் காற்றும் சுழலும்.

பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் குளிர்ந்த அறையில் உடனே ஆறத் தொடங்கும். சிரிஞ்சில் ஏற்றிவிட்டு, நரம்பு கிடைக்கவில்லை என்று இருபது நிமிடம் தேடினால் சூடேற்றியதன் பலன் பெரும்பாலும் போய்விடும். முதலில் வென்ஃப்ளான், பிறகு 10 மி.லி. சலைன் விட்டுச் சோதனை, அதன் பிறகு மருந்து என்பதே சரியான வரிசை. இன்ஜெக்டரின் சிரிஞ்சைச் சுற்றியிருக்கும் சூட்டு உறை, சூடாக உள்ள மருந்தை ஆறாமல் பிடித்து வைக்கத்தான். குளிர்ந்த மருந்தைச் சூடேற்ற அல்ல. இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். சிரிஞ்சில் ஏற்றும் முன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நிறமில்லாமலோ மிக இலேசான மஞ்சளாகவோ தெளிந்திருக்க வேண்டும். அடர் மஞ்சள், பழுப்பு, மிதக்கும் துகள், அடியில் படிகம் என எது தெரிந்தாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் கசிவு வரலாம். சூடேற்றுவது வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவே. புறங்கை நரம்பைவிட முழங்கை மடிப்பு நரம்பு நல்லது. மருந்து ஏறத் தொடங்கும் முதல் பத்து, பதினைந்து நொடி ஒருவர் நோயாளியின் பக்கத்தில் நின்று ஊசி இடத்தை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். வீங்கினால் உடனே நிறுத்தி, கையை இதயத்துக்கு மேல் தூக்கி வைத்து, ஒத்தடம் கொடுத்து, டாக்டரைக் கூப்பிட வேண்டும். விரல் மரத்துப்போவது, நிறம் மாறுவது, வலி கூடிக்கொண்டே போவது, தோலில் கொப்புளம் ஆகியவை அவசர அறிகுறிகள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

நோயாளிகளிடம் ஒரு குழப்பம் இருக்கிறது. டை ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவுவதாக உணர்வார்கள். சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். “மருந்தைச் சூடு பண்ணிப் போட்டதுனாலதானே சிஸ்டர்?” என்று கேட்பார்கள். இல்லை. குளிர்ந்த மருந்தைப் போட்டாலும் அந்தச் சூடு வரும். டையில் கரைந்துள்ள பொருளின் செறிவு ரத்தத்தைவிட அதிகம். அதனால் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, சூடு தெரிகிறது. ரத்தத்தின் செறிவு சுமார் 290 என்றால், அயோஹெக்சால் 300-க்கு 672, 350-க்கு 844. பழைய காலத்து அயனி வகை டை 1,500-ஐத் தாண்டும். வலியும் வாந்தியும் அதில் மிக அதிகம். ஸ்வீடன் நாட்டு ரேடியாலஜிஸ்ட் தோர்ஸ்டென் அல்மேன் என்பவர், உப்பு மிகுந்த கடலில் நீந்தினால் கண் எரிகிறது, உப்பு குறைந்த பால்டிக் கடலில் எரிவதில்லை என்பதைக் கவனித்து, செறிவு குறைந்த டை செய்ய முடியுமா என்று 1960-களின் இறுதியில் சிந்தித்தார். இன்று நாம் பயன்படுத்தும் அயோஹெக்சால் வகை மருந்துகள் அந்தச் சிந்தனையின் வழியில் வந்தவை. காசிமேட்டில் கடலில் இறங்கிக் கண் எரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அயோடிக்சனாலின் செறிவு ரத்தத்துக்குச் சமமாக 290, சூட்டுணர்வு குறைவு. அதற்குக் கொடுத்த விலைதான் அந்த 26.6 என்ற கெட்டித்தன்மை. சூட்டுப் பெட்டி அதற்கு ஏன் முக்கியம் என்று இப்போது புரியும்.

இருப்பு அறைக்கு வருவோம். டையின் லேபிளில் 25 டிகிரிக்குள் என்றோ 30-க்குள் என்றோ இருக்கும். ஒளி படாமல், உறையவிடாமல் வைக்கவும் என்றும் இருக்கும். எக்ஸ்ரே சிதறல் படக்கூடாது என்பதையும் பல தாள்களில் காணலாம். ஒளியும் கதிரும் பட்டால் மூலக்கூறிலிருந்து அயோடின் பிரியத் தொடங்கும். மஞ்சள் ஏறுவது அதன் அடையாளம். ஆகவே கை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காகச் சி.டி. அறைக்குள்ளேயே திறந்த அலமாரியில் பாட்டில்களை அடுக்கக் கூடாது. அன்றைக்குத் தேவையானது மட்டும் அங்கே இருக்கட்டும்.

சென்னையில் மே மாதம் வெயில் 40-ஐத் தாண்டும். சனிக்கிழமை இரவு ஏ.சி.யை அணைத்துப் பூட்டிய அறை, திங்கள் காலை எத்தனை டிகிரிக்குப் போயிருந்தது? மேல்தளத்தில் கான்கிரீட் கூரைக்குக் கீழே இருக்கும் அறையாக இருந்தால், அல்லது யு.பி.எஸ்.ஸும் பேட்டரிகளும் அதே அறையில் இருந்தால், 30-க்கு வெகு மேலே போயிருக்கும். திங்கள் காலை பத்து மணிக்கு அளவு பார்த்தால் அது தெரியாது. உச்சத்தையும் தாழ்வையும் பதிந்து வைத்துக்கொள்ளும் மேக்ஸ்-மின் தெர்மாமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்தான். அதைச் சுவரில் மாட்டி, தினமும் குறித்து, பொத்தானை அழுத்தித் திரும்பத் தொடங்கினால் போதும். இதைவிட மலிவான பாதுகாப்பு ஸ்கேன் மையத்தில் வேறு எதுவும் இல்லை.

வெயிலுக்குப் பயந்து ஃப்ரிட்ஜில் வைப்பதும் வேண்டாம். டை தடுப்பூசி அல்ல. குளிரில் இன்னும் கெட்டியாகும், படிகம் படியக்கூடும். ஃபிரீசர் பக்கம் ஒட்டி உறைந்துவிட்டால் மருந்தே வீண். கடலோரத்து ஈரக்காற்றில் அட்டைப்பெட்டி நமுத்துப்போவதும் எங்கள் பக்கத்து வழக்கம். சுவரை ஒட்டி அடுக்காமல் ஒரு கை அகலம் இடம் விடுவது நல்லது. தரைத்தள மையங்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அந்தந்தத் தெருவுக்குத் தெரியும். மழைக்காலத்தில் டை பெட்டிகள் தரையில் இருக்கக் கூடாது. வெள்ளநீர் தொட்ட பாட்டில், மூடி திறக்காமல் இருந்தாலும், ஊசிக்கு ஆகாது.

மீதியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 100 மி.லி. பாட்டிலில் 70 மி.லி. ஒருவருக்குப் போட்டால் 30 மி.லி. மிஞ்சும். விலை கொஞ்சநஞ்சமல்ல, கொட்ட மனசு வராது. அந்த மனசு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் இந்த மருந்தில் கிருமியை அடக்கும் பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. திறந்த பாட்டிலை மறுபடி 37 டிகிரி பெட்டிக்குள் வைப்பது, உள்ளே ஒரு கிருமி போயிருந்தால் அதற்கு உடம்பின் சூட்டிலேயே தொட்டில் கட்டிக் கொடுப்பது போல. ஒருவருக்கான பாட்டில் ஒருவருக்குத்தான். பலருக்குப் பயன்படுத்துவதற்கென்றே 500 மி.லி. பெரிய பாட்டில்கள் உண்டு. அவற்றுக்குத் தனி ஊடுகுழாய், ஒரே ஒரு குத்து, தாளில் சொன்ன மணி நேரத்துக்குள் முடித்தல் என்று விதிகள் உண்டு. இரண்டு பாட்டில் மீதியை ஒன்றாகச் சேர்ப்பது எந்த விதியிலும் இல்லை. 50 மி.லி. பாட்டிலும் 100 மி.லி. பாட்டிலும் கலந்து வாங்கி வைத்தால், எடைக்குத் தகுந்தாற்போல் திறந்து, மீதியையே குறைக்கலாம். செலவை மிச்சம் பிடிக்க நேர்மையான வழி அதுதான்.

வெளியே வாங்கி வரச் சொல்லப்படும் உறவினர்களுக்குச் சில வார்த்தைகள். முந்தின நாளே வாங்கி வீட்டில் வைக்காதீர்கள்; ஸ்கேன் நேரத்துக்குச் சற்று முன், பக்கத்துக் கடையில் வாங்குங்கள். சீட்டில் உள்ள பெயரும் எண்ணும் பாட்டிலில் உள்ளதும் ஒன்றா என்று கடையிலேயே ஒப்பிடுங்கள். 300-க்குப் பதில் 350 வந்தால் வாங்காதீர்கள். அட்டைப்பெட்டியைப் பிரிக்க வேண்டாம். வண்டியின் டிக்கியில், பெட்ரோல் டேங்க் கவரில், ஆட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்க வேண்டாம். மணலி சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் முக்கால் மணி நேரம் நின்றால் டிக்கி எப்படிக் கொதிக்கும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். கைப்பையில், துணி சுற்றி, நிழலில் கொண்டு வாருங்கள். ஐஸ் வேண்டாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். தொகுதி எண் அதில்தான் இருக்கும். மையத்தில் கொடுக்கும்போது, “இதை எப்படிச் சூடு பண்ணுவீங்க?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெட்டியைக் காட்டினால் நிம்மதி. மக்கைக் காட்டினால், சூடேற்றாமலே மெதுவாகப் போட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அழுக்கு வெந்நீரில் ஊறியதைவிட அறைச் சூட்டில் உள்ள சுத்தமான மருந்து மேல்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போடும் கடோலினியம் வேறு மருந்து. அதைச் சூடேற்றத் தேவையில்லை. அளவே குறைவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு 0.1 மில்லிமோல் கணக்கில், சாதாரண கடோடெரேட் என்றால் 12 மி.லி., இரு மடங்கு செறிவுள்ள கடோபுட்ரால் என்றால் 6 மி.லி. கெட்டித்தன்மையும் அயோடின் டையைவிடக் குறைவு. டை பெட்டியில் இடம் இருக்கிறதே என்று அதையும் உள்ளே தள்ளுவது தவறு. ஒவ்வாமைக்காகத் தயாராக வைத்திருக்கும் அட்ரினலின் ஆம்பூல்களுக்கும் அதேதான்: வெயிலும் சூடும் அவற்றுக்கு ஆகாது. வார்மர் பெட்டியின் தலைமேல் அவசர மருந்துத் தட்டை வைத்திருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள். சூடேற்றிய டை என்பதால் ஒவ்வாமை வராது என்று யாரும் அட்ரினலினைத் தள்ளி வைத்துவிடவும் வேண்டாம். முன்பு டை ஒத்துக்கொள்ளாத கதை, ஆஸ்துமா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஆகியவற்றை எப்போதும்போலக் கேட்டே ஆக வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களை நடத்தும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கும், தனியார் மையங்களை ஆய்வு செய்யும் அதிகாரிகளுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக எங்கள் வேண்டுகோள் ஒன்று. டை வைத்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பக்கப் படிவம் சுவரில் இருக்கட்டும். இருப்பு அறையின் உச்ச, தாழ்வுச் சூடு, வார்மரின் காலை, மாலை அளவு, பெட்டியிலுள்ள பாட்டில்களில் மிகப் பழையது உள்ளே போன தேதி, எழுதியவர் கையெழுத்து. ஆய்வுக்கு வருகிறவர் கதிர்வீச்சு அட்டையையும் தீயணைப்பானையும் பார்க்கும்போது அந்தத் தாளையும் பார்க்கட்டும். வார்மர் வாங்க முடியாத சிறிய மையங்களுக்கு, அது வரும்வரை 300 எண் டையை அறைச் சூட்டில் குறைந்த வேகத்தில் போடலாம் என்று எழுத்தில் சொல்லட்டும். வேகம் வேண்டிய ஆஞ்சியோகிராமைப் பெட்டி உள்ள இடத்துக்கு அனுப்பட்டும். கத்திரி தொடங்கும் முன் இது நடந்தால் இந்தக் கோடைக்கே பயன்படும்.

இப்படிக்கு,
ஸ்கேன் பிரிவு ரேடியோகிராபர்களும் மருந்தாளுநர்களும் சிலர்,
ராயபுரம் – தண்டையார்பேட்டை,
சென்னை